குறையில்லாத விண்ட்ஷீல்டு விற்பனைக்கு

கீறல் இல்லை தம்பி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அப்படி இல்லை, கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். தெரிகிறதா? ஒரு கீறல்கூடக் கிடையாது. போல்ட் நாலு, வாஷர் எட்டு, எல்லாம் அந்தப் பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கின்றன. எண்ணித்தான் போட்டேன், நீங்களும் ஒரு தடவை எண்ணிக்கொள்ளுங்கள்.

நல்ல பொருளை ஏன் விற்கிறேன் என்று நினைப்பீர்கள். வருகிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். காற்று நிற்கவில்லையா என்கிறார்கள். நிற்கிறது தம்பி. சுத்தமாக நிற்கிறது. அதனால்தான் விற்கிறேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், இதில் உட்காருங்கள். உள்ளே கிரைண்டர் ஓடுகிறது, கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் கேட்கும்.

எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவதென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களிடம்கூட இந்த விண்ட்ஷீல்டைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டாவது வரைக்கும் படிப்பு. அப்புறம் இங்கே திருப்பூரிலேயே பனியன் கம்பெனி, செக்கிங் செக்‌ஷன். ரிட்டயர் ஆகும் வரைக்கும் அதே மேஜைதான். பக்கத்தில் தைக்கிற ஹால். பவர் டேபிள் தையல் மெஷின் எல்லாம் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் மனிதக் குரல் காதில் விழாது. நான் சந்தேகப் பீஸைத் தூக்கிக் காட்டுவேன். அந்தக் கோடியில் சூப்பர்வைசர் நிற்பார். தலையை இப்படி லேசாக ஆட்டினால் பாஸ். ஆட்டாமல் நின்றால் ரிட்டர்ன். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. தலையைப் பார்த்து மனசைப் படிப்பதில் நான் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வண்டி என் மகன் நவநீதனுடையது. கனடாவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனான். மலை, காடு என்று சுற்றுகிறவர்கள் வாங்குகிற பெரிய மோட்டார் பைக். "வித்துப்போடுங்கப்பா, உங்களுக்கு ஆகாது" என்றான். நான் விற்கவில்லை. ரிட்டயர் ஆனவனுக்கு எல்லாக் கிழமையும் ஒரே மாதிரி இருக்கிறது தம்பி. ஞாயிற்றுக்கிழமையையாவது தனியாகத் தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? வீட்டுக்காரியைப் பின்னால் உட்காரவைத்துத் தாராபுரம் ரோட்டில் ஒரு ஓட்டம் போய்வருவது என்று வைத்துக்கொண்டேன்.

அவள் பெயர் மயிலாத்தாள். "இந்த வயசுல இது தேவைங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஏறினாள். ஆனால் ஏறினாள்.

அது ஆனி மாசம். அந்த ரோடு உங்களுக்குத் தெரியும், நீங்கள் உடுமலைக்காரர். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற காற்று நேராக நம்மிடம்தான் வந்து சேர்கிறது. கம்பெனிக்காரர்களெல்லாம் அந்தக் காற்றைத் தேடிவந்து வரிசையாகக் காற்றாடி நட்டிருக்கிறார்கள். நான் ஒருவன்தான் அதை நிறுத்தப் போனேன்.

காற்று நேராக வந்தால் தள்ளும். அவ்வளவுதான். ஆனால் விண்ட்ஷீல்டில் பட்டு, அதன் மேல்விளிம்பில் வெட்டுப்பட்டு வருகிறதே, அது சுருண்டு சுருண்டு வந்து அடிக்கும். மகன் மாட்டியிருந்தது ஒரு சாண் உயரம். காற்று அதைத் தாண்டியதும் என் ஹெல்மெட்டில்தான் வந்து இறங்கியது. தகர டின்னுக்குள் தலையை விட்டுக்கொண்டு வெளியே நாலு பேரைத் தட்டச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. கண் முன்னால் ரோடே ரெண்டாகத் தெரிந்தது.

அந்த முதல் ஞாயிறன்றுதான் கேட்டேன். கொடுவாய் ஊரைத் தாண்டியிருப்போம். "சௌரியமா இருக்குதா புள்ள?" என்று கத்தினேன். பக்கக் கண்ணாடியில் அவள் ஹெல்மெட் தெரிந்தது. தலையை ஆட்டினாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். நம் ஊர்த் தலையாட்டல். பாஸ்.

தம்பி, எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீட்டில் நான் ஒன்று கேட்டால் பதிலுக்கு ஏழு கேள்வி வரும். ஏன், எதுக்கு, யார் சொன்னது, இப்ப என்ன அவசரம். நான் பாதியிலேயே எழுந்து போய்விடுவேன். அன்றைக்குப் பாருங்கள், ஒரு கேள்வி, ஒரு தலையாட்டல், முடிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணாடியைப் பார்த்தால் போதும். முக்கியமான பேச்செல்லாம் இனிமேல் வண்டியில்தான் என்று அன்றைக்கே முடிவு பண்ணிக்கொண்டேன்.

இருங்கள், உள்ளேயிருந்து என்னவோ கேட்கிறாள். கிரைண்டர் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. காப்பியா டீயா என்பாள். தலையை ஆட்டிவிட்டேன், ரெண்டில் ஒன்று வரும்.

எங்கே விட்டேன்? ஆமாம், காற்று. பல்லடத்தில் ஜபருல்லா பாய் என்று ஒருவர். நம்பர் பிளேட், கடை போர்டு, அக்ரிலிக் வேலையெல்லாம் பண்ணுவார். அவரிடம் போய், நாலு விரற்கடை உயரமாக ஒன்று வெட்டிக் கொடுங்கள் என்றேன். "ஒசரம் வச்சா உங்க தலைக்குத் தப்பிக்கும்ணே. அண்ணி தலைக்கு?" என்றார். அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை பாய், நான் கேட்டுவிட்டேன் என்றேன்.

மாட்டினேன். என் தலை நின்றுவிட்டது. காற்று எனக்கு மேலாகப் போய்விட்டது. அதைவிட அதிசயம் என்னவென்றால், மயிலாத்தாள் முன்னைவிட நன்றாகத் தலையாட்ட ஆரம்பித்தாள். முன்பெல்லாம் கேட்டால்தான் ஆட்டுவாள். இப்போது கேட்பதற்கு முன்னாலேயே ஆட்டுகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். நான் கேட்டது மூன்று கேள்வி. அவள் சம்மதித்தது இருபத்திரண்டு தடவை.

கேபிள் கனெக்‌ஷனை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். ஆட்டினாள். நிறுத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் சீரியல் நேரத்துக்கு டிவியைப் போட்டுவிட்டு அவள் பேசிய பேச்சை உங்களிடம் சொல்ல முடியாது. "நீதானே சரின்னே" என்றேன். "எப்ப?" என்றாள். "கொடுவாய் தாண்டி." "கொடுவாய் தாண்டி நான் கண்ணையே தொறக்கலீங்களே" என்றாள். மறதி தம்பி. இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான். நான் பெரிதுபடுத்தவில்லை.

அப்புறம் கும்மி. வள்ளிக் கும்மி பார்த்திருப்பீர்கள், இப்போது ஊருக்கு ஊர் ஆடுகிறார்கள். எங்கள் கோயில் மைதானத்திலும் ஆசிரியர் ஒருவர் வந்து சொல்லித் தருகிறார். பள்ளிக்கூடத்துப் பெண்களோடு இவளும் போய் நின்றுகொண்டாள், ஐம்பத்தெட்டு வயதில். ஒரே பச்சைச் சேலை, எல்லோருக்கும். வீட்டில் பாத்திரம் விளக்கும்போதுகூடக் கால் தானாக அடியெடுத்து வைக்கிறது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "கும்மியை விட்டறலாமா, முழங்கால் வலிக்குமே" என்று ரோட்டில் கேட்டேன். பலமாக ஆட்டினாள். திங்கட்கிழமை நானே போய் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வாத்தியார்கிட்ட நான் வரலைன்னு சொல்லிப்போட்டீங்களா?" என்றாள். நீதான் சம்மதித்தாய் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி மைதானத்துக்கே போய்விட்டாள். மறுபடியும் சேர்ந்துகொண்டாள். சொன்ன சொல் மாறுகிற பழக்கம் அவளுக்கு அதற்கு முன்னால் இருந்ததில்லை.

நடுவில் கழுத்து வலி என்று எலும்பு டாக்டரிடம் போனாள். கும்மியால்தான் என்று நான் சொன்னேன். அவர் ஒரு பட்டை கொடுத்தார், கழுத்தைச் சுற்றி மாட்டுகிற பட்டை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு வந்தாள். அன்றைக்கு மட்டும் நான் கேட்ட எதற்கும் அவள் சம்மதிக்கவில்லை. உடம்பு சரியில்லாதபோது மனிதருக்கு மனசும் இறுகிப்போகிறது, பாவம்.

மறுபடியும் கூப்பிடுகிறாள். பாருங்கள், வாசற்படிக்கே வந்துவிட்டாள், கையில் போன். சர்க்கரை போடுவதா வேண்டாமா என்று கேட்பாள். உங்களுக்குப் போடலாம்தானே? தலையை ஆட்டிவிட்டேன். போய்விட்டாள்.

இனிமேல்தான் பெரிய விஷயம். பேரூர் தாண்டி ஒரு குடியிருப்பு கட்டியிருக்கிறார்கள் தம்பி, வயதானவர்களுக்கு மட்டும். மணி அடித்தால் சாப்பாடு. நடப்பதற்குப் பாதை, ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. நான் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பால் நிறத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவு, அவ்வளவு அமைதி. எனக்கென்றே கட்டின மாதிரி இருந்தது. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் அங்கே போய்விடலாம் என்று எனக்கு ஆசை. ஆனால் அவளைக் கேட்காமல் செய்வேனா? கேட்டேன். கழுத்துப் பட்டையைக் கழற்றின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. "பேரூருக்குக் குடி போயிடலாமா புள்ள?" என்றேன். ஆட்டினாள். சரியாக அந்த நேரத்தில் எதிரே ஒரு சிமெண்ட் லாரி தாண்டியது. அப்போது இன்னும் பலமாக ஆட்டினாள். இவ்வளவு ஆசையை இத்தனை நாள் உள்ளேயே வைத்திருந்திருக்கிறாளே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே போய் ரூமுக்குப் பேர் பதிந்துவிட்டு வந்தேன். அடுத்த மாசம் முதல் தேதி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நான்தான். என் காதுக்கு ஒரு விசில் சத்தம் மிச்சமிருந்தது. பெரிய சத்தம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். செக்கிங்கில் இருந்தவனால் ஒரு தையல் விட்டுப்போனால் விட முடியாது. பழைய கம்பெனியில் ஓவர்லாக் நூல் கொஞ்சம் வாங்கிவந்து, விரல் நீளத்துக்கு வெட்டி, விண்ட்ஷீல்டிலும் ரெண்டு ஹெல்மெட்டிலும் ஒட்டினேன். காற்று எங்கே புரளுகிறதோ அங்கே நூல் துடிக்கும். பாயை ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து பார்க்கச் சொன்னேன்.

டீக்கடையில் நிறுத்தினோம். மயிலாத்தாள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள். பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, உங்க நூல் சும்மா படுத்திருக்குது. அண்ணி நூல்தான் பேயாட்டம் ஆடுது. அவங்க தலையும் ரொம்ப ஆடுதுங்கண்ணே."

"ஆமாங்க பாய்" என்றேன். "இப்பெல்லாம் எதுக்குமே மறுப்பு சொல்றதில்ல. தங்கமான மனசு."

பாய் என்னைப் பார்த்தார். முகம் கழுவுகிறவளைப் பார்த்தார். டீயைக் கடைசி வரைக்கும் குடித்தார். பிறகு, "விசில் போகணும்னா ஒண்ணு பண்ணலாம்ணே. மேல மூணு விரல் வெட்டிப்போட்டு, அடியில வாஷர் வச்சுச் சந்து விட்டுடுவோம். கீழ கொஞ்சம் காத்து நுழைஞ்சா, மேல வர்ற காத்து சுருண்டு விழாது" என்றார். செய்து கொடுத்தார். உங்கள் கையில் இருப்பது அதுதான். கூலிகூட வாங்கமாட்டேன் என்றுவிட்டார், அண்ணிக்காக என்றார். எனக்கு அது விளங்கவில்லை. விசில் கேட்டது எனக்குத்தானே.

அதை மாட்டிக்கொண்டு போன ஞாயிறு இருக்கிறதே தம்பி. அதே ரோடு, அதே காற்று, காற்றாடியெல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. எங்களுக்கு மட்டும் இல்லை. நூலெல்லாம் எண்ணெய் வைத்துச் சீவின மயிர் மாதிரி படிந்து கிடக்கிறது. என்ஜின் சத்தம், டயர் சத்தம், அவ்வளவுதான். வாழ்நாளில் ஒரு பீஸாவது முழுசாக, குறையில்லாமல் முடித்துவிட்டோம் என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கேட்டேன். "ஒண்ணாந்தேதி பேரூருக்குச் சாமான் ஏத்தோணும். வேன் சொல்லிறட்டுமா?"

கண்ணாடியில் பார்த்தேன். தலை ஆடவில்லை.

மறுபடியும் கேட்டேன். ஆடவில்லை. அப்போது என் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல், "எந்தப் பேரூருக்கு? ஆரு சாமானம்?"

தூக்கிவாரிப்போட்டது தம்பி. ஓடுகிற அந்த வண்டியில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்கிறேன். "நிறுத்துங்க வண்டிய" என்றாள். ஒரு காற்றாடிக்குக் கீழே நிறுத்தினேன். அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஏன், எதுக்கு, யார் சொன்னது. என் வீட்டை யாருக்கு விடறீங்க, என் கும்மிக்கு அங்கிருந்து எப்படி வருவேன். நான் கீழே பார்த்துக்கொண்டே, நீ சம்மதித்தாய், ஒரு தடவை இல்லை, லாரி தாண்டும்போது இன்னொரு தடவை என்று சொன்னேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வைத்து, அதில் ஒட்டியிருந்த நூலை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை. அப்புறம் அழுகிற மாதிரியும் இருந்தது. தாராபுரத்திலிருந்து வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். நான் திருப்பூர் வரைக்கும் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தேன். ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருந்தாள். தலை திரும்பவில்லை.

அன்றிலிருந்து வண்டியில் ஏறமாட்டேன் என்கிறாள். பேரூருக்கும் வரமாட்டேன் என்கிறாள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். கம்பெனியில் நல்ல பீஸாக வந்துகொண்டிருந்தது திடீரென்று ரிஜெக்ட் ஆனால் என்ன பார்ப்போம்? மெஷினில் எது மாறியது என்று பார்ப்போம். இங்கே ரோடு மாறவில்லை. வண்டி மாறவில்லை. அவள் அதே மயிலாத்தாள்தான், நான் அதே ஆள்தான். மாறினது ஒன்றே ஒன்று. இதோ, உங்கள் கையில் இருக்கிறது. இது வந்தது, அவள் சம்மதம் போனது. காற்று முகத்தில் படும்போது மனிதருக்கு மனசு இளகும் போலிருக்கிறது. காற்றை நிறுத்தினால் புழுங்கிப்போய் எல்லாவற்றுக்கும் மறுப்பு வருகிறது. பாயிடம் இதைச் சொன்னேன். போனை வைத்துவிட்டார், சிக்னல் இல்லை போல.

அதனால் கழற்றிவிட்டேன். வரும் ஞாயிறு தாராபுரத்துக்குப் பக்கத்தில் இவர்கள் கும்மி அரங்கேற்றம். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விண்ட்ஷீல்டு இல்லாமல். கொடுவாய் தாண்டியதும் மறுபடியும் கேட்பேன். ஆடி மாசம் முடிந்தாலும் அந்த இடத்தில் காற்று இருக்கும். நிச்சயம் தலையாட்டுவாள்.

மறுபடியும் வாசலில் நின்று கேட்கிறாள் பாருங்கள், போனைக் காதில் வைத்துக்கொண்டே. பிஸ்கட் வைக்கவா என்பாள். வை, வை. நன்றாகப் பெரிதாகவே ஆட்டிவிட்டேன், தூரத்துக்குத் தெரியட்டும் என்று.

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி? ஆகிவிட்டதென்றால் வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். நான் எதையும் மறைத்து விற்கமாட்டேன்.

கிரைண்டர் நின்றுவிட்டது. வருகிறாள். வா புள்ள, தம்பி உடுமலையிலிருந்து வந்திருக்கார். எங்கே காப்பி? காப்பி போடலையா? பின்ன என்ன கேட்டுட்டிருந்தே?

என்ன? பேரூருக்குப் போன் பண்ணினியா? ரூம் வேண்டாம், பேரை அடிச்சிருங்கன்னு சொல்லிப்போட்டியா? என்னைக் கேக்காமலா?

எப்பக் கேட்டே? இப்பவா? மூணு தடவையா?

தம்பி, நீங்கள் இங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சரி என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனா? தலையை ஆட்டினேன். ஆட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று தடவை ஆட்டினேன், கணக்குச் சரிதான். ஆனால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா? என்ன கேட்கிறாள் என்று காதில் விழுந்ததா? சத்தத்தில் ஆடின தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, ஒரு குடும்பத்தையே பாதிக்கிற முடிவை ஒருத்தி எடுக்கலாமா? இது எந்த ஊர் நியாயம்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே தம்பி, நேரே வந்து, நின்று, முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று.

ஏன் புள்ள சிரிக்கிறே?

தம்பி, அதை அவளிடம் கொடுக்காதீர்கள். விற்கிறதில்லையாம். அவள் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி மாட்ட வேண்டுமாம், நாலு போல்ட், எட்டு வாஷர். மாட்டினால்தான் ஏறுவாளாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போகிறாள் பாருங்கள்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். நான் கேட்டதற்கும் இவள் கேட்டதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

என்ன தம்பி, வெறுமனே தலையை ஆட்டுகிறீர்கள். அது ஆமாவா, இல்லையா?